சசிகலாவின் இத்தாலிய வரிசை

நாகரிகம் எங்கே பிறந்தது என்று கேட்டால் படித்தவர்கள் ஆளுக்கொரு ஆற்றங்கரையைக் காட்டுவார்கள். அதெல்லாம் பழைய பாடம். நாகரிகம் பிறந்தது ஜவ்வாது மலையில், ஒரு சமுதாயக் கூடத்தின் முன்வாசலில், ஞாயிற்றுக்கிழமை காலை டீ வேளைக்கு. பிரசவம் பார்த்தவர் 'மலை மகளிர் உலகத்தர வளர்ச்சித் திட்ட'த்தின் அலுவலர் திருவாளர் பாண்டுரங்கன் அவர்கள். பிறந்த குழந்தையின் பெயர் 'மோதா'. இத்தாலிய மொழியில் மோதா என்றால் ஃபேஷன். இத்தனை காலமாக இந்த ஒரு சொல் இல்லாமலே மலைமேல் ஜனங்கள் துணி கட்டிக்கொண்டு நடமாடியிருக்கிறார்கள். எப்படித்தான் கூச்சமில்லாமல் இருந்தார்களோ.

இந்தச் சரித்திரத்தில் சசிகலாவுக்கு ஒரு பங்கு உண்டு. அவள் அதற்கு ஆசைப்படவில்லை. அவள் ஆசைப்பட்டது ஒரு தையல் மெஷினுக்கு.

சசிகலா மலையடிவாரத்தில் இருக்கிற ஒரு சட்டைக் கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனி வேன் விடியற்காலையில் கோழி கூவுவதற்கு முன்னால் ஊர் முனைக்கு வந்து ஆரன் அடிக்கும். திரும்பக் கொண்டுவந்து இறக்கும்போது ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கும். கம்பெனியில் அவளுக்கு இடது கை. அதாவது, சட்டையின் இடது கையை மட்டும் உடம்போடு சேர்த்துத் தைப்பது அவள் வேலை. வலது கை யார் தைக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. முழுச் சட்டை ஒன்றை அவள் அங்கே பார்த்ததே கிடையாது.

வீட்டில் எட்டு வயதில் கீதாஞ்சலி என்று ஒரு மகள். அவள் அம்மாவை விழித்த கண்ணோடு பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாளில் அவளுக்குச் சடை பின்னி விடுவது அப்பன் சின்னதம்பி. அவன் சாமைக் கொல்லையில் கெட்டிக்காரன், மாட்டுக்குக் கயிறு திரிப்பதில் அதைவிடக் கெட்டிக்காரன். சடையையும் அதே முறையில்தான் பின்னினான். பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் பாதி அவிழ்ந்து தொங்கும். "அம்மாவுக்கு எப்பப்பா லீவு வுடுவாங்க?" என்று அப்பனிடம் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தூங்கிவிடுகிற குழந்தை அது.

இந்த நிலைமையில்தான் சமுதாயக் கூடத்துக்கு நாலு தையல் மெஷின் வந்து இறங்கியது. மோட்டார் வைத்த மெஷின்கள். மகளிர் குழுவில் தையல் தெரிந்த நாலு பேருக்கு ஆளுக்கு ஒன்று என்று சொன்னார்கள். சசிகலா அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டாள். பள்ளிக்கூட யூனிபாரம் இருக்கிறது, கோயில் திருவிழாவுக்கு ஜாக்கெட் இருக்கிறது, கீழே படவேட்டு சந்தைக்கு நைட்டி இருக்கிறது. மெஷின் கைக்கு வந்த மறுநாள் வேன்காரனுக்குக் கும்பிடு போட்டுவிடலாம்.

மெஷின் வந்தது. உள்ளறையில் வைத்தார்கள். பூட்டினார்கள். அதற்குப் பிறகு மலையில் இரண்டு தடவை புளி உலுக்கியாகிவிட்டது, அதாவது இரண்டு வருஷம்.

பூட்டியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பாண்டுரங்கன் அவர்கள் காரணம் இல்லாமல் கொட்டாவி கூட விடமாட்டார். திறப்பு விழா நடக்காமல் அறையைத் திறக்க முடியாது. பயிற்சி பெற்ற பயனாளிகள் இல்லாமல் திறப்பு விழா நடத்த முடியாது. பயிற்சி என்றால் ஏதோ ஊசியில் நூல் கோக்கும் பயிற்சி கிடையாது, 'உலகத்தர'ப் பயிற்சி. அது இன்னதென்று மேலிடத்திலிருந்து எழுதி வரவேண்டும். சாவி அவர் ஜீப் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்துக் கிடந்தது. ஜீப் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் சாவியும் போய்வந்தது. ஊட்டி வரைக்கும் அது பார்த்திருக்கிறது.

சசிகலா ஒரு தடவை ஜீப்பை மறித்துக் கேட்டாள்.

"சார், ஒரு மெஷினையாவது தெறந்து ஓட்டி வெச்சிக்கறேன். ஓடாம கெடந்தா எண்ணெ காஞ்சி புடிச்சிக்கும் சார்."

பாண்டுரங்கன் அவர்கள் கூலிங் கிளாஸைக் கழற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, தைக்கத் தெரிஞ்சவங்க நம்ம நாட்டுல எத்தனை கோடிப் பேரு?"

"தெரியலீங்க சார்."

"அதுல நீயும் ஒருத்தியாப் போய்ச் சேரணும்னு இன்னா அவசரம்?"

சசிகலா வழியை விட்டு ஒதுங்கினாள். ஜீப் போய்விட்டது.

பிறகு பாண்டுரங்கன் அவர்கள் சென்னையில் ஏசி போட்ட ஒரு மண்டபத்தில் கருத்தரங்கு ஒன்றுக்குப் போனார். அங்கே மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், முக்கால்வாசிப் பேர் கண்ணசந்திருந்த நேரத்தில், திரையில் ஒரு படம் காட்டினார்கள். இத்தாலி தேசத்தில் மிலான் என்று ஒரு நகரம், உலக ஃபேஷனுக்கு அதுதான் தலைநகரம் என்றார்கள். விழித்திருந்த சிலரில் நம் அலுவலரும் ஒருவர். அந்த ஒரு நொடியில் அவருக்குள் விளக்கு எரிந்தது. மலைப் பெண்களுக்கு இல்லாதது மெஷின் இல்லை, மொழி. அதிலும் முழு மொழி எதற்கு? ஃபேஷனுக்கான சொல்லும் அதன் பிரயோகமும் போதும். மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் அன்றைக்கே ஒப்புதல் கொடுத்தது. எண்ணெய்க்கும் ஊசிக்கும் கேட்டிருந்தால் எழுபது கேள்வி வந்திருக்கும், இத்தாலிக்கு ஒரு கேள்வியும் வரவில்லை.

பயிற்றுநராக செங்கத்திலிருந்து கோகுல்ராஜ் வந்தான். எஞ்சினியரிங் படித்துவிட்டு அப்பாவின் உரக்கடையில் உட்கார்ந்திருந்த பையன். செல்போனில் ஒரு செயலியை வைத்து இத்தாலியன் கற்றுக்கொண்டவன். ஏன் கற்றான் என்று அவனுக்கே தெரியாது, உரக்கடையில் பொழுது போகவேண்டாமா? தற்காலிக வேலை, வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. பெண்கள் மற்ற நாளில் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் அவர்கள் வசதிக்காகவே ஞாயிறு தேர்ந்தெடுக்கப்பட்டது என்று சுற்றறிக்கை சொன்னது. ஒரு வகுப்பு விட்டாலும் மெஷின் கிடையாது என்றும் அதே சுற்றறிக்கை கருணையோடு சொன்னது.

சாமை விதைத்த வாரத்தில் முதல் வகுப்பு. சசிகலா அன்றைக்கு மகளுக்கு ஒரு பக்கச் சடையைப் பின்னிவிட்டு, மறுபக்கத்தை எடுக்கும்போது கூடத்து மணி அடித்துவிட்டது. "இரு, வந்து மீதிய போட்டுவிடறேன்" என்று ஓடினாள். அப்படியும் அவள்தான் கடைசி. மற்ற மூன்று பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பச்சையம்மா, புவனா, அப்புறம் சசிகலாவுக்கு அண்ணி முறையான மாதம்மாள். நாலு பேருக்கும் முன்னால் கோகுல்ராஜ். அவனுக்குப் பின்னால் பூட்டிய அறையின் சன்னல். சன்னலுக்குள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட நாலு மெஷின்கள் மங்கலாகத் தெரிந்தன.

"லா மோதா," என்றான் கோகுல்ராஜ். "இதுதான் ஃபேஷன். இது பெண்பால்."

"துணிக்கு இன்னாத்துக்கு தம்பி ஆம்பள பொம்பள?" என்று மாதம்மாள் கேட்டாள்.

"இத்தாலியில எல்லாத்துக்கும் உண்டுக்கா."

"அப்ப தையல் மெஷினு?"

கோகுல்ராஜ் செல்போனைப் பார்த்தான். "மெஷினும் பெண்பால்தான்."

"அதான் உள்ள போட்டுப் பூட்டி வெச்சிக்கிறாங்க," என்றாள் மாதம்மாள்.

கோகுல்ராஜ் அன்றைய பாடத்தை அட்டையில் எழுதினான். மொத்தம் நாலு. வெறும் ஃபேஷன் என்றால் 'லா மோதா'. இப்போது எல்லாரும் விரும்புவது 'தி மோதா'. ஆள் பார்க்க மிடுக்காக இருந்தால் 'ஆல்லா மோதா'. ஒரு காலத்தில் இருந்து இப்போது வழக்கொழிந்து போனது 'ஃபுவோரி மோதா'.

நாலு பாடம், நாலு பெண்கள். இந்த இடத்தில்தான் மலை தன் வேலையைக் காட்டியது.

மலையில் சாமைக்குக் களை எடுக்கும்போது மாற்றாள் முறை. இன்றைக்கு உன் கொல்லை, நாளைக்கு என் கொல்லை என்று எல்லாரும் சேர்ந்து இறங்குவார்கள். இறங்கினதும் ஆளுக்கு ஒரு வரிசை. முதலில் வந்தவள் பிடித்ததைப் பிடிப்பாள், கடைசியில் வருகிறவளுக்கு மிச்சம். கல்லோ முள்ளோ, வாயைத் திறக்காமல் அந்த வரிசையை முடித்துக்கொண்டு வரவேண்டும். ஒருத்தி வரிசையில் இன்னொருத்தி கை வைக்கவே கூடாது. வைத்தால், 'உன்னால ஆகாது, தள்ளு' என்று ஊரறியச் சொன்ன மாதிரி. ஒரு பிடி களையை அப்படிப் பிடுங்கிவிட்ட குற்றத்துக்காக பச்சையம்மாவும் அவள் நாத்தனாரும் அடுத்த அறுப்பு வரை பேசாமல் இருந்தார்கள். நடுவில் வந்த ஒரு கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தும் பேசவில்லை.

அதே முறையில் இத்தாலியனும் பிரிக்கப்பட்டது. பச்சையம்மா முதலில் வந்தவள், 'லா மோதா'வை எடுத்துக்கொண்டாள். மாதம்மாள் 'தி மோதா'. புவனாவுக்கு 'ஆல்லா மோதா'வின் ஓசை பிடித்துப் போய்விட்டது. சசிகலாவுக்கு மிச்சம் விழுந்தது 'ஃபுவோரி மோதா'. அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

கோகுல்ராஜுக்கு இது தெரிய மூன்று ஞாயிறு ஆயிற்று.

"புவனாக்கா, வழக்கொழிஞ்சு போனதுக்கு என்ன சொல்லணும்?"

புவனா தலை குனிந்துகொண்டாள்.

"மறந்துட்டீங்களா?"

"மறக்கலீங்க சார். நல்லா தெரியும்."

"அப்ப சொல்லுங்க."

"அது எப்பிடி சார் நானு சொல்றது? சசிகலா குத்துக்கல்லாட்டம் ஒக்காந்துக்கினு இருக்கறப்ப? அது அவ வரிசை."

கோகுல்ராஜ் கெஞ்சிப் பார்த்தான், அதட்டிப் பார்த்தான். நாலு பேரும் எல்லாவற்றையும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தார்கள், ஆனால் அவரவர் வரிசையைத் தவிர வாய் திறக்கவில்லை. வேலை போய்விடுமே என்று பயந்துபோய் பாண்டுரங்கன் அவர்களிடம் விஷயத்தைச் சொன்னான். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு அவன் தோளைத் தட்டினார்.

"தம்பி, இது குறை கிடையாது. இதுக்குப் பேரு 'சொல்வாரி நிபுணத்துவம்'. உலகத்துல எங்கயும் இன்னும் வரல."

அதைப் பற்றி அவர் கட்டுரை எழுதி, குளிர்ப் பிரதேசம் ஒன்றில் வாசித்துவிட்டு, சால்வையோடு திரும்பினார். சாவியும் கூடப் போய்விட்டு வந்தது.

சசிகலாவின் கஷ்டம் வேறு. தேர்வன்றைக்கு ஆளுக்கு ஒரு உதாரணம் காட்டிச் சொல்லவேண்டும். மற்றவர்களுக்கு உதாரணம் காலில் தட்டியது. வழக்கொழிந்து போனதற்கு அவள் எங்கே போவாள்? "போன வருஷம் எல்லாரும் வெச்சிருந்தாங்க, இந்த வருஷம் சும்மா தூக்கிப் போட்டுட்டாங்க, அந்த மாதிரி ஒண்ணு சொல்லுங்கக்கா" என்றான் கோகுல்ராஜ். சசிகலா யோசித்தாள். மலையில் யார் எதைத் தூக்கிப் போட்டார்கள்? கல்யாணப் புடவை கிழிந்தால் பிள்ளைக்குத் தூளி. தூளி நைந்தால் கதவுக்கு மறைப்பு. மறைப்பும் போனால் அடுப்படியில் கரித்துணி. அதுவும் போனால் திரி. சின்னதம்பியின் அப்பா காலத்து டார்ச் லைட்டு இன்னமும் கொல்லைக்குக் காவல் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் ஊருக்கு வருகிற பஸ்ஸைக் கீழ்நாட்டில் எப்போதோ கழித்துவிட்டார்கள், ஆனால் அது தினம் வந்தது.

"உனுக்கு கல்லு வரிசதான்டி வுழுந்துக்கீது," என்று மாதம்மாள் அனுதாபப்பட்டாள்.

"பரவால்ல அண்ணி. மெஷினு வந்தாப் போதும்."

வேனில் போகும்போதும் வரும்போதும் வாய்க்குள் முனகிக்கொண்டே போவாள். ஃபுவோரி மோதா, ஃபுவோரி மோதா. பக்கத்தில் இருந்தவள் ஏதோ சாமிக்கு வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்துத் தானும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஞாயிறு தோறும் கீதாஞ்சலி ஒரு பக்கம் அம்மா சடையும் மறுபக்கம் அப்பா சடையுமாகத் திரிந்தாள். சசிகலா அதைப் பார்க்கும்போதெல்லாம் அவிழ்ந்த பக்கத்தைக் கையால் ஒதுக்கிவிட்டாள். கொஞ்ச நாள்தானே, இந்தத் தேர்வு முடிந்தால் ரெண்டு பக்கமும் நாமே போடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

சாமை அறுப்பு முடிந்து, தேர்வு வந்தது. சென்னையிலிருந்து நிவேதா என்ற மேடம் வருகிறார், இத்தாலியிலேயே இரண்டு வருஷம் படித்தவர், அவர் சரி என்றால் திறப்பு விழா, மெஷின், எல்லாம். முந்தின ஞாயிறு வகுப்பு முடிந்ததும் பாண்டுரங்கன் அவர்கள் சசிகலாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தேர்வன்னிக்கி நீ உன் வார்த்தையச் சொல்லாதம்மா. அது ஒரு மாதிரி அபசகுனமா இருக்குது. மேடம் முன்னால எல்லாரும் 'தி மோதா'ன்னே சொல்லிடுங்க. எல்லாம் அருமை, எல்லாம் புதுசு. புரியுதா?"

"அது மாதம்மா அண்ணி வரிசை சார்."

"நான் உத்தரவு போடறேன்."

"உத்தரவுன்னா சரிங்க. அண்ணிய ஒரு வார்த்த கேட்டுக்கறேன்."

கேட்டாள். மாதம்மாளின் முகம் விழுந்துவிட்டது. "ஏன், எனுக்கு சொல்ல வராதுன்னு அந்தாளு சொன்னாரா?" என்றாள். சசிகலா பேச்சை அதோடு விட்டுவிட்டாள்.

தேர்வன்று கூடத்துக்குத் தோரணம் கட்டியிருந்தது. நிவேதா மேடம் சாதாரணப் பருத்திப் புடவையில் வந்து இறங்கியதும் பாண்டுரங்கன் அவர்களுக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் சமாளித்துக்கொண்டு, மலர்க்கொத்து கொடுத்து, மலையில் இத்தாலியன் பரவிய வரலாற்றை அரை மணி நேரம் எடுத்துரைத்தார்.

பச்சையம்மா தன் முந்தானையைக் காட்டி "லா மோதா" என்றாள். மாதம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பாண்டுரங்கன் அவர்களின் கூலிங் கிளாஸைக் காட்டி "தி மோதா" என்றாள். புவனா மேடத்தையே காட்டி "ஆல்லா மோதா" என்று வெட்கப்பட்டாள். மேடம் சிரித்துவிட்டார். பாண்டுரங்கன் அவர்களுக்கு முகத்தில் களை வந்தது.

"இப்ப நீங்க," என்றார் மேடம், சசிகலாவைப் பார்த்து. "ஆமா, மெஷின்லாம் எங்க? அதப் பாக்காம எப்படி? அங்க போய்ப் பேசலாமே."

"திறப்பு விழா இன்னும்..." என்று பாண்டுரங்கன் அவர்கள் ஆரம்பித்தார்.

"நான் பாத்து எழுதினாத்தானே சார் விழா?"

ஜீப் சாவியின் பக்கத்துச் சாவி முதல் தடவையாகத் தன் வேலையைச் செய்தது. கதவு முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே குப்பென்று எலி மூத்திர வாடை.

சசிகலா முதல் மெஷினின் உறையை எடுத்தாள். பிளாஸ்டிக் அவள் கையோடு பொடிந்து வந்தது. மழைக்கு ஒழுகிய ஓட்டுக்குக் கீழே நின்ற மெஷின் மேலெல்லாம் துரு. பெல்ட்டை எலி தின்றிருந்தது. மோட்டார் இருந்த பெட்டிக்குள் எலி குட்டி போட்டு, குடும்பம் நடத்தி, காலி செய்துகொண்டும் போயிருந்தது. அவள் சக்கரத்தில் கை வைத்துத் திருப்பினாள். அசையவில்லை. இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். அசையவில்லை. அடுத்ததைப் பார்த்தாள், அதற்கு அடுத்ததையும் பார்த்தாள். நாலும் ஒரே மாதிரி.

சசிகலாவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை. எத்தனை பாதிச் சடை. ஒரு சொட்டு எண்ணெய் போட்டிருந்தால் போதுமே, கேட்டாளே, ஜீப்பை மறித்துக் கேட்டாளே.

"சொல்லுங்கம்மா," என்றார் மேடம். "ஏதாவது ஒரு உதாரணம்."

பாண்டுரங்கன் அவர்கள் மேடத்துக்குப் பின்னால் நின்று, உதட்டை மட்டும் அசைத்து 'தி மோதா, தி மோதா' என்றார்.

சசிகலா நினைத்துப் பார்த்தாள். தலைக்கு மேலே ஓடாத கடிகாரம் ஒன்று தொங்கியது. அதைக் காட்டிச் சொன்னால் தேர்வும் ஆகும், மெஷினும் கைக்கு வரும். வந்து? இந்தத் துருவை வீட்டுக்குத் தூக்கிப் போய் என்ன செய்வது? மகளிடம் இதைக் காட்டி, அம்மா இனி வேனில் போகமாட்டேன் என்று சொல்லமுடியுமா?

மெஷின் தலைமேல் கை வைத்தாள்.

"ஃபுவோரி மோதா," என்றாள். அடுத்ததன் மேல் வைத்தாள். "ஃபுவோரி மோதா." நாலுக்கும் சொன்னாள், ஒன்றையும் விடவில்லை.

நிவேதா மேடம் ஒவ்வொரு மெஷினையும் தானும் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"உச்சரிப்பும் சரி," என்றார். "பிரயோகமும் சரி."

நாலு பேரும் தேறிவிட்டார்கள். திட்டம் 'முழு வெற்றி' என்று அறிவிக்கப்பட்டது. அந்த வாரமே மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. ஆணையின் நடை அழகை இங்கே எடுத்துக்காட்டாமல் இருக்க முடியவில்லை. "மேற்படி நான்கு இயந்திரங்களும் காலாவதியானவை எனப் பயிற்சி பெற்ற பயனாளியே இத்தாலிய மொழியில் சான்றளித்திருப்பதால், அவற்றை உடனடியாகக் கழித்து அப்புறப்படுத்தலாம்." அரசாங்கம் மக்கள் சொல்லைக் கேட்பதில்லை என்று வாய் கூசாமல் பேசுகிறவர்கள் இதைப் படித்துத் திருந்தட்டும். மலையில் ஒருத்தி ஒரே ஒரு சொல் சொன்னாள், வாரத்துக்குள் லாரி வந்துவிட்டது. மெஷின்களை ஏற்றிக்கொண்டு போய்க் கலசப்பாக்கத்தில் பழைய இரும்புக் கடையில் இறக்கினார்கள்.

சான்றிதழ் வழங்கும் விழா அந்தக் காலி அறையிலேயே நடந்தது. இடம் இப்போது தாராளமாக இருந்தது. பாண்டுரங்கன் அவர்கள் மேடையில் அடுத்த அறிவிப்பை வெளியிட்டார். புது மெஷினுக்கு எழுதியாகிவிட்டது, வரும். வந்ததும் பத்திரமாகப் பூட்டப்படும். அதுவரை நேரத்தை வீணாக்காமல் இரண்டாம் கட்டமாக பிரெஞ்சு. ஞாயிற்றுக்கிழமைதான். கோகுல்ராஜ் ஏற்கெனவே செல்போனில் ஆரம்பித்துவிட்டான்.

கைதட்டல் அடங்கியதும், விழாவுக்கு வந்திருந்த நிவேதா மேடம் மைக்கை வாங்கினார்.

"ஒரே ஒரு சந்தேகம். என் அறிக்கையில ஒரு விஷயம் மட்டும் நிக்குது. ஒரு நாள் கூட ஓடாத மெஷின் எப்படிங்க பழசாச்சு? யாராவது சொல்லுங்க."

மைக் பச்சையம்மாவிடம் போனது.

"அது என் வரிசை இல்லீங்கம்மா," என்றாள் பச்சையம்மா.

மாதம்மாள், "என்னுது வேறங்க, முடிச்சிட்டேன்" என்று புவனாவிடம் கொடுத்தாள். புவனா சசிகலாவிடம் நீட்டினாள்.

சசிகலா மைக்கை வாங்கிக்கொண்டு எழுந்தாள். மேடைக்குப் போனாள். சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மரியாதைக்கு இரண்டு கையாலும் பிடித்து, மைக்கைப் பாண்டுரங்கன் அவர்களிடம் நீட்டினாள்.

"இது என் வரிசை இல்லீங்க மேடம். சாவி சார்கிட்ட இருந்திச்சி. இது சார் வரிசை. எங்க பக்கம் ஒருத்தர் வரிசைல இன்னொருத்தர் கை வெக்க மாட்டோம். அவரே முடிச்சிக்கினு வரட்டும்."

பாண்டுரங்கன் அவர்கள் மைக்கை வாங்கினார். தொண்டையைச் செருமினார். கூலிங் கிளாஸை எடுத்துப் போட்டுக்கொண்டார். கூடத்தில் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அதுதான் மலையின் மரியாதை. அவர் தன் வரிசையை முடிப்பதற்காக எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள், இன்னமும் காத்திருக்கிறார்கள். வேனுக்குத்தான் அந்த மரியாதை தெரியவில்லை. மறுநாள் விடிவதற்கு முன்னால் ஊர் முனையில் வந்து நின்று ஆரன் அடித்தது. தூங்குகிற மகளின் தலையைத் தடவிவிட்டு சசிகலா ஓடிப்போய் ஏறிக்கொண்டாள், இடது கை தைக்க.